முழுசா ஒரு தபா

குடை வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்கிற மனுஷியை நான் ஆரணி பஜாரில்தான் பார்த்தேன். தாகம் என்று நினைத்துக் கடைக்காரர் பானையிலிருந்து மொண்டு கொடுத்தார். அந்த அக்கா ஒரு குடையை விரித்து என் கையில் கொடுத்து, "மிஸ், கொஞ்சம் நேரா நில்லுங்க" என்றார். அடுத்த நொடி முழுச் சொம்பையும் என் தலைக்கு மேலே கவிழ்த்தார்.

முதல் குடையில் என் இடது தோள் நனைந்தது. இரண்டாவதில் தண்ணீர் கம்பி வழியாக இறங்கி முழங்கை வரை வந்தது. மூன்றாவது குடை தாங்கியது.

"இன்னாம்மா அநியாயம் இது? குடைய இப்படியா பாப்பாங்க?" என்றார் கடைக்காரர்.

"வேற எப்படிண்ணா பாக்கறது? மழைய இட்டுகினு வர முடியுமா?"

மூன்றாவது குடையை வாங்கினார். நனைந்த இரண்டையும் துடைத்து மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அதில் குறை வைக்க மாட்டார்.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில், தொண்ணூறுகளின் கடைசியில் நான் கம்ப்யூட்டர் செண்டர் ஆரம்பித்தேன். மூன்று கம்ப்யூட்டர்கள். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் பிரவுசிங், கல்யாண சீசனில் பத்திரிகை டைப் செய்யும் வேலை. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் இரண்டு பட்டுத் தறி. பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு பகலில் கொஞ்சம் நேரம் கிடைத்ததால் படிக்க வந்தார். நான் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் நான் அவருக்கு 'மிஸ்'. அவர் எனக்கு 'அக்கா'. கடைசி வரைக்கும் இரண்டு பேரும் அதை மாற்றவில்லை.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை அவர் மாடியேறி வந்து, ஓரத்து நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார். யாரையோ தேடி வந்தவர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாள் விசாரித்தபோது விளக்கம் கிடைத்தது.

"வூட்டுலேந்து இங்க வர்றதுக்குப் பதினெட்டு நிமிசம் மிஸ். அரிசி மில்லு லாரி குறுக்க நின்னா இருபத்திரெண்டு. நேத்து முழுசா ஒரு தபா நடந்து பாத்துட்டேன்."

'முழுசா ஒரு தபா.' அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட சொற்கள் இவைதான்.

ஃபைலை சேவ் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்த அன்று, எல்லாரும் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த பாடத்துக்கு வந்துவிட்டார்கள். அக்கா கம்ப்யூட்டரை அணைத்தார். கீழே இறங்கிப் போய் டீ குடித்தார். திரும்பி வந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, ஃபைலைத் திறந்து, தான் அடித்த நான்கு வரியும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் படித்துவிட்டு, "சேவ் ஆயிருக்குது மிஸ்" என்று எனக்கு நற்செய்தி சொல்வதுபோலச் சொன்னார். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். நான் சொன்னதை நம்பவில்லையே என்று. பிறகு புரிந்தது, அவர் நம்பாதது என்னை மட்டுமல்ல. யார் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொண்டு, தன் கையால் ஒருமுறை நடத்திப் பார்ப்பார்.

அவருடைய நாத்தனார் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை பார்க்க மண்டபத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். மொத்தம் எட்டுப் பேர். ஒருவர் மாப்பிள்ளையாக மேடையில் உட்கார வேண்டும், நான்கு பேர் கடைசிப் பந்தியில். மீதிப் பேர் சமையலறையிலிருந்து காலி அண்டாவைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். மாப்பிள்ளையாக உட்கார்ந்தவர் அக்காவின் வீட்டுக்காரர். மிக நல்ல மனிதர். வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அண்டா வந்தது. பந்திக் கூடத்தின் வாசற்படியில் வந்து நின்றது. இந்தப் பக்கம் திருப்பினார்கள், அந்தப் பக்கம் சாய்த்தார்கள். நுழையவில்லை. நான்கு விரற்கடை வித்தியாசம்.

"கொதிக்கிற சாம்பாரோட சாச்சிருந்தா?" என்று அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டார். கல்யாணத்தன்று பின்கட்டில் தனியாக அடுப்பு போட்டு, சின்னப் பாத்திரங்களில் மாற்றிப் பரிமாறினார்கள். கடைசி இலை வரை சூடு குறையவில்லை.

அன்று மேடையிலிருந்து இறங்கிய வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்: "எங்க கல்யாணத்துக்கு மின்னாடி இவ ஒரு வாரம் எங்க வூட்ல வந்து இருந்து பாத்திருந்தா, நான் இன்னிக்கும் பிரம்மச்சாரிதாங்க."

"பாக்கலன்னு யாரு சொன்னது?" என்றார் அக்கா. "தரகர் பேச்செடுத்த அன்னிக்கே பொடவ வாங்கறவ மாதிரி வந்து உங்க தறி பக்கத்துல அரை நாள் குந்திகினு இருந்தேனே. அறுந்த இழைய நீங்க திட்டாம முடிஞ்சீங்க. அத்தப் பாத்துட்டுத்தான் சரின்னேன்."

பன்னிரண்டு வருடம் கழித்து அன்றுதான் அவருக்கு அது தெரியும். முகம் எப்படி மலர்ந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு மென்பொருள் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

என் அண்ணன் பெங்களூரில் வேலை பார்த்தான். ஓய்வு நேரத்தில், உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைக்கும் மென்பொருள்களில் அவனும் கொஞ்சம் எழுதுவான். அவற்றில் ஒன்று சின்ன ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளுக்கானது. ஒரு பக்கம் விவரத்தை உள்ளிட்டால், அது சேமிக்கப்பட்டு, மறுபக்கம் பட்டியலாகவும் சீட்டாகவும் வரும். ஆரணியில் பிரசவ ஆஸ்பத்திரி நடத்திய டாக்டரம்மா ஒருவர் தன்னுடைய தடிமனான நோட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஆசைப்பட்டார். அண்ணன் சொன்னான், நான் ஒத்துக்கொண்டேன். பிரவுசிங்குக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டிருந்த நேரம். இந்த வேலை நன்றாக அமைந்தால் மற்ற ஆஸ்பத்திரிகளும் வரும், செண்டர் நிற்கும். அப்போது படிப்பை முடித்து என்னுடனேயே வேலைக்குச் சேர்ந்திருந்த அக்காவிடம் அந்த மென்பொருள் இருந்த சிடியைக் கொடுத்தேன்.

"இதை எழுதினவங்களே முழுக்கச் சோதிச்சிட்டாங்க அக்கா. எல்லாம் பாஸ். நாம ஏத்திவிட்டா போதும்."

"எங்க வெச்சி சோதிச்சாங்க?"

"ஐரோப்பாவுல. அவங்க மெஷின்ல."

"அங்க பாஸ் ஆயிடுச்சி. சரி. இங்க?"

சிடியிலேயே அந்தச் சோதனைகளும் இருந்தன. நூற்றுச் சொச்சம் சோதனைகள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் உட்கார்ந்து செய்வதுபோல, முதல் திரையிலிருந்து கடைசிச் சீட்டு வரை எல்லாவற்றையும் தானாகவே செய்து பார்க்கும். சரியாக வந்தால் பச்சை, தவறினால் சிவப்பு. முதல் தடவை ஓட்டியபோது, யாரும் தொடாமலே திரையில் எழுத்துகள் விழுவதையும் பட்டன்கள் அமுங்குவதையும் பார்த்த அக்கா, மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"யாரோ தட்டறாங்க மிஸ்!"

"யாரும் இல்ல அக்கா. அதுவே செய்யுது."

"என்னிய மாதிரியே ஒருத்தன் எழுதியிருக்கான்" என்று கை தட்டிச் சிரித்தார். தன்னைப் போன்ற ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்ட சந்தோஷம் அது.

முழுச் சோதனைக்கும் மூன்று கம்ப்யூட்டர்களும் வேண்டும். ஒன்று உள்ளிட, ஒன்று சேமிக்க, ஒன்று சீட்டு எடுக்க. பகலில் வாடிக்கையாளர்களை எழுப்ப முடியாது. வோல்டேஜும் ஏறி இறங்கும். எனவே விடியற்காலை நான்கு மணிக்கு வந்து ஓட்டுவது என்று அக்காவே முடிவு செய்தார். வழியில் நாய்கள் இருக்குமே என்றேன்.

"நேத்தே வந்து பாத்துட்டேன். மூணு கீது. பிஸ்கெட் போட்டா ரெண்டு அடங்கிடுது. மூணாவதுக்கு எங்க வூட்டுக்காரரு வர்றாரு."

அவர் வந்தார். நாயைச் சமாளித்துவிட்டு மாடிப்படியில் துண்டை விரித்துத் தூங்கினார். என் வீடு பின் தெரு. நான் பல் துலக்காமல் வந்து உட்கார்ந்தேன். அக்கா ஃப்ளாஸ்கில் டீ கொண்டுவந்தார்.

பச்சை, பச்சை, பச்சை. நடுவில் இரண்டு சிவப்பு. இரண்டும் பிறப்புச் சீட்டு சம்பந்தப்பட்டவை. ஆறு மணிக்கு மறுபடி ஓட்டினோம். முழுக்கப் பச்சை. எனக்கு நிம்மதி. மறுநாள் நாலரைக்கு ஓட்டினோம். அதே இரண்டு சிவப்பு. ஆறு மணிக்குப் பச்சை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "இங்க நான் மத்தியானம்தான் ஓட்டினேன், எல்லாம் பச்சை. உன் மெஷின் பழசு. உள்ள இருக்கிற பாட்டரிய மாத்து" என்றான். மாற்றினோம். சிவப்பு அப்படியே இருந்தது. மென்பொருளை எழுதுகிற குழுவுக்கு மெயில் போட்டோம். அதையும் அக்கா முதலில் எங்களுக்கே அனுப்பச் சொல்லி, அது வந்து சேர்வதைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு அனுப்பவிட்டார். மரியாதையான பதில் வந்தது. சில சோதனைகள் சில சமயம் காரணமில்லாமல் தவறும், மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும் என்று.

"அதான் அக்கா, ரெண்டாவது வாட்டி பாஸ் ஆகுதே. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க. இதோட விட்டுடலாம்."

"ரெண்டாவது வாட்டி ஏன் பாஸ் ஆச்சின்னு தெரியாம எப்படி மிஸ் விடறது? மொதல் வாட்டிதான் நெசமோ இன்னாவோ."

அன்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பேஜார் பிடித்த மனுஷி என்று மனதுக்குள் திட்டினேன். மறுநாள் போகவே கூடாது என்று படுத்திருந்தேன். ஆனால் தெருவில் பிஸ்கெட் பாக்கெட் பிரிக்கும் சத்தமும், அவர் நாயோடு பேசும் குரலும் கேட்டன. எழுந்து போனேன்.

அன்று அக்கா அந்த இரண்டு சோதனைகளை மட்டும் தனியாகப் பிரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டினார். ஒவ்வொன்றுக்கும் நேரத்தை நோட்டில் குறித்தார். ஐந்து மணி, சிவப்பு. ஐந்தே கால், சிவப்பு. ஐந்து இருபத்தைந்து, சிவப்பு. ஐந்தரை தாண்டி ஒரு நிமிடம், பச்சை. அதன்பிறகு எல்லாம் பச்சை.

"அஞ்சரைக்கு இந்தாண்ட செவப்பு, அந்தாண்ட பச்சை. அஞ்சரைக்கு இன்னா மிஸ் நடக்குது? மொத பஸ்ஸு போவுது. பால்காரர் வர்றாரு. இதுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

நான் டீயைக் கீழே வைத்தேன். ஐந்தரை. இங்கிலாந்தின் கிரீன்விச் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஐந்தரை மணி நேரம். நமக்கு விடிகாலை ஐந்தரை ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு தாண்டித் தேதி மாறுகிறது. அந்த மென்பொருள் உள்ளுக்குள் அந்தக் கிரீன்விச் நேரத்தை வைத்துத் தேதி எழுதுகிறது. சோதனையும், தான் ஓடுகிற நேரத்தையே பிறந்த நேரமாக உள்ளிடுகிறது. அப்படியானால், இங்கே ஐந்தரைக்கு முன் நடக்கும் எதுவும் அதற்கு நேற்று நடந்தது.

நான் சொல்லச் சொல்ல அக்காவின் கண்கள் பெரிதாகின. உடனே கீபோர்டை இழுத்துத் தன் பெண் பிறந்த விவரத்தை உள்ளிட்டார். ஜனவரி ஒன்று, விடியற்காலம் நாலு பத்து. சீட்டை எடுத்தார். டிசம்பர் முப்பத்தொன்று என்று வந்தது. அதுவும் முந்தின வருடம்.

"ஒரு நாள் இல்ல மிஸ்! ஒரு வருசம் போச்சு எம் பொண்ணுக்கு!"

நான் பலவீனமாகச் சொல்லிப் பார்த்தேன். "பஞ்சாங்கத்துலகூட சூரியன் வர்ற வரைக்கும் முந்தின நாள் கணக்குதானே அக்கா."

"முனிசிபாலிட்டி பஞ்சாங்கம் பாத்தா எழுதுது? ஆஸ்பத்திரி சீட்டுல இருக்கிறதத்தானே எழுதுவாங்க. அந்தத் தேதிதான் இஸ்கூலுக்கு, வேலைக்கு, கடைசி வரைக்கும். ஜல்தி கிளம்புங்க, டாக்டரம்மாகிட்ட சொல்லிடலாம்."

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. டாக்டரம்மா புது மேஜை வாங்கிப் போட்டு, பூஜைக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்த மேஜைக்கு முன்னால் நின்று நான் தலைகுனிந்து விஷயத்தைச் சொன்னேன். அக்கா, டிசம்பர் முப்பத்தொன்று என்று வந்த சீட்டையும் தன் பெண்ணின் நிஜமான பிறப்புச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "எத்தினி நாள்ல சரியாவும்?"

"தெரியாதுங்க டாக்டர். அவங்க திருத்தணும்" என்றேன்.

"என் ஆஸ்பத்திரியில பாதிப் புள்ளைங்க அந்த நேரத்துலதான்மா பொறக்குது." பிறகு பழைய நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "சரி, அது வரைக்கும் இதுலயே எழுதறோம். போய் வேலையப் பாருங்க" என்றார். கோபமா, பொறுமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. வேலை கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன். வெளியே வந்ததும் அக்கா, "நல்லவங்க மிஸ், குரல ஒசத்தவே இல்ல பாத்தீங்களா" என்றார்.

இந்த முறை மெயில் நீளமாக எழுதினோம். உங்கள் கம்ப்யூட்டரை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள், கடிகாரத்தைக் காலை நான்கு மணிக்கு வையுங்கள், பிறகு ஓட்டுங்கள். அவ்வளவுதான் கேட்டோம். மறுநாளே ஒருவர் எழுதினார்: எனக்கும் சிவப்பு. மதியத்துக்குள் இன்னொருவர்: எனக்கும். பெங்களூரிலிருந்து அண்ணன் போன் செய்தான். "உங்க அக்காகிட்ட போனைக் குடு" என்றான். அவர் காதில் வைத்துக்கொண்டு, "பரவால்லப்பா, பரவால்ல, நீ பகல்ல ஓட்டினே, ஒனக்கு எப்படித் தெரியும்" என்று அவனைச் சமாதானம் செய்தார்.

திருத்தம் வர இரண்டு வாரம் பிடித்தது. நன்றிப் பட்டியலில் சேர்க்கக் கண்டுபிடித்தவரின் பெயரைக் கேட்டிருந்தார்கள். அக்கா யோசித்துவிட்டு, "ஆரணின்னு போடச் சொல்லுங்க" என்றார். "நான் ஒருத்தியா பாத்தேன்? நீங்க பாத்தீங்க. டாக்டரம்மா பொறுத்துகினாங்க. படிக்கட்டுல ஒருத்தர் தூங்கினாரு." அப்படியே போட்டார்கள். எத்தனையோ தேசத்து மனிதர்களின் பெயர்களுக்கு நடுவே எங்கள் ஊர்ப் பெயர் மட்டும் தனியாக நிற்கிறது.

புது சிடி பஸ் பார்சலில் வந்த மறுநாள் நாலு மணிக்கு ஓட்டினோம். சிவப்பே இல்லை. அக்கா கீழே ஓடிப்போய் வீட்டுக்காரரை உலுக்கி எழுப்பி, மேலே இழுத்துவந்து பச்சையைக் காட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், "நல்லா கீது" என்றார்.

டாக்டரம்மாவின் மேஜையில் அது ஓடத் தொடங்கிய நான்காம் நாள் விடியற்காலை ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா எனக்குப் போன் செய்தார். ஐந்தரைக்கு முன்பு குழந்தை பிறந்தால் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று அக்கா அங்கிருந்த நர்சிடம் சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் முடிகூடப் பின்னாமல் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் உள்ளிட்டார். பெண் குழந்தை, நாலு நாற்பது. சீட்டு வந்தது. தேதி சரியாக இருந்தது. நான் பெருமூச்சு விட்டுத் திரும்பினேன். அக்கா நகரவில்லை.

"இன்னும் முடியல மிஸ். அவங்க கையில போவணும்."

சீட்டை நர்சிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். குழந்தையின் அப்பா, ஆரணியை அடுத்த சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்து ஆள், கூலி வேலை செய்கிறவர், சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, "படிக்க வருமா தம்பி? தேதிய சத்தமா படி" என்றார்.

அவர் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"இன்னிக்கு இன்னா தேதி?"

"இதாங்க. இன்னிக்குத்தாங்க பொறந்துது எம் பொண்ணு."

"இன்னிக்குத்தான்!" என்று அக்கா அவர் தோளைத் தட்டினார். ஏன் இந்த அம்மாளுக்கு இத்தனை சந்தோஷம் என்று அவருக்குத் தெரியவில்லை. யாரோ பெரிய டாக்டர் என்று நினைத்திருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, வீட்டாருக்குக்கூட இன்னும் கொடுக்காத சர்க்கரையை முதலில் அக்காவின் கையில் போட்டார். அக்கா அதை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, கன்னம் உப்பியபடி, பேச முடியாமல் கட்டைவிரலை உயர்த்தினார்.